கிட்டே ஒரு குணம், எட்டே ஒரு குணம்

மனிதன் கண்டுபிடித்த கருவிகளுள் காமிராவைப் போல் வீட்டுக்கு வீடு இடம் பிடித்தவை சிலவே. ஆண்டு மலர் கைக்கு வந்ததும் முதலில் நாம் தேடுவது நம் வகுப்புப் படத்தைத்தான். அதில் நம் முகம் தெளிவாக விழுந்திருந்தால் மகிழ்ச்சி; மங்கலாக விழுந்திருந்தால் வருத்தம். மங்கலுக்குக் காரணம் கை ஆடியதா, தலை ஆடியதா, லென்ஸின் குறையா என்று ஆராய்வோர் மிகச் சிலரே.

"இது நல்ல லென்ஸ்" என்று கடைக்காரர் சொல்கிறார். "கூர்மையில் இதற்கு முதல் மதிப்பெண்" என்று விளம்பரம் சொல்கிறது. எந்தத் தூரத்தில் நல்லது, எந்தத் தூரத்தில் அளந்த மதிப்பெண் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. சோற்றுக்கு அது பொருந்தும், லென்ஸுக்குப் பொருந்தாது. மலைத் தொடரை முடியிழை பிளப்பது போல் படமாக்கும் லென்ஸ், அரை மீட்டர் அருகில் வைத்த புத்தகப் பக்கத்தின் மூலைகளைக் குழப்பிவிடக் கூடும். பூவின் மகரந்தத்தை எண்ணிக் காட்டும் லென்ஸ், தொலைவிலுள்ள கோபுரத்தை அத்தனை சிறப்பாகக் காட்டாமல் போகக் கூடும். இது ஏன் என்பதையும், இதனால் அளவெடுப்பவர்கள் எப்படி ஏமாறக் கூடும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

லென்ஸ் ஏன் முன்னே நகர்கிறது?

குவி லென்ஸைச் சூரியனுக்கு எதிரே பிடித்துக் காகிதத்தில் ஒளிப் புள்ளி விழச் செய்திருப்பீர்கள். லென்ஸுக்கும் அப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியே குவியத் தூரம். மிகத் தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் அந்தத் தூரத்தில் விழும். பொருள் அருகே வர வர, பிம்பம் லென்ஸை விட்டுப் பின்னே தள்ளிப் போகும். பிலிமோ, இக்காலத்து டிஜிட்டல் காமிராவிலுள்ள சென்சாரோ இருந்த இடத்திலேயே இருப்பதால், நாம் லென்ஸை முன்னே நகர்த்துகிறோம். காமிராவின் வளையத்தைத் திருப்பும்போது நடப்பது இதுதான்.

சாதாரணமாகப் பயன்படும் 50 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டால் கிடைக்கும் விடைகள் இவை:

பொருள் மிகத் தொலைவில் இருந்தால், பிம்பம் 50 மி.மீ. தூரத்தில் விழும்.
பொருள் 10 மீட்டரில் இருந்தால், 50.25 மி.மீ.
பொருள் 1 மீட்டரில் இருந்தால், 52.63 மி.மீ.
பொருள் அரை மீட்டரில் இருந்தால், 55.56 மி.மீ.
பொருள் 10 சென்டிமீட்டரில் இருந்தால், 100 மி.மீ.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். அடிவானத்திலிருந்து 10 மீட்டர் வரை வந்தும் லென்ஸ் கால் மில்லிமீட்டர்தான் நகர்ந்தது. அரை மீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு வருவதற்கோ 44 மில்லிமீட்டருக்கு மேல் நகர வேண்டியிருக்கிறது. ஆகவே தொலைவிலுள்ள பொருள்கள் எல்லாம் லென்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றே. அருகிலுள்ள பொருள்களுக்கு ஒவ்வோர் அங்குலமும் வேறு உலகம்.

ஒரு கணக்கு ஒரு தூரத்துக்கே

ஒரே ஒரு கண்ணாடித் துண்டால் ஆன லென்ஸ் நல்ல படம் தருவதில்லை. அதன் ஓரத்தில் நுழையும் கதிர்கள் மிகுதியாக வளைந்து சீக்கிரம் கூடுகின்றன. நடுவில் நுழையும் கதிர்கள் சற்றுத் தள்ளிக் கூடுகின்றன. ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு மூட்டமாக விழுகிறது. இதைக் கோளப் பிறழ்ச்சி என்பர். இது தவிர, மூலையிலுள்ள புள்ளிக்கு வால் முளைப்பது, பிம்பம் சமதளமாக விழாமல் கிண்ணம் போல் வளைந்து விழுவது, நேர்கோடு வில்லாக வளைவது என்று வேறு குறைகளும் உண்டு. ஜெர்மானியக் கணித அறிஞர் லுட்விக் சைடல் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இக்குறைகளை ஐந்து வகையாகப் பிரித்துக் கணக்கிடும் வழியைக் காட்டினார்.

இக்குறைகளைப் போக்க லென்ஸ் அமைப்பாளர் செய்வது என்ன? குவி லென்ஸின் குறைக்கு எதிரான குறையுடைய குழி லென்ஸ் ஒன்றைச் சேர்க்கிறார். இப்படி ஆறு ஏழு கண்ணாடிகளைச் சேர்த்து, ஒன்றின் பிழையை மற்றொன்று சரிக்கட்டும்படி செய்கிறார். தராசின் ஒரு தட்டில் கூட்டல் பிழைகள். மறு தட்டில் கழித்தல் பிழைகள். முள் நடுவில் நின்றால் படம் கூர்மையாகும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் எவ்வளவு பிழை செய்யும் என்பது, கதிர் அதன் மீது எந்தக் கோணத்தில் வந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது. தொலைவிலிருந்து வரும் கதிர்கள் இணையாக வருகின்றன. அருகிலிருந்து வரும் கதிர்கள் விசிறி போல் விரிந்து வருகின்றன. பொருள் அருகே வந்தால் எல்லாப் பரப்புகளிலும் கோணங்கள் மாறுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே அளவில் மாறுவதில்லை. இரு தட்டுகளிலும் எடை கூடுகிறது. ஒன்றில் அதிகம், மற்றொன்றில் குறைவு. முள் சாய்ந்துவிடுகிறது. கண்ணாடி அதேதான், பளபளப்பும் அதேதான். கணக்கு மட்டும் வேறு தூரத்துக்குப் போட்டது!

சாய்ந்த முள்ளை ஓரளவு நிமிர்த்த ஒரு வழி உண்டு. லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் ஓரக் கதிர்கள் தடுக்கப்படும். கோளப் பிறழ்ச்சியால் வரும் மூட்டம் துவார விட்டத்தின் மும்மடிக்கேற்ப மாறுவதால், எஃப் 2.8-இலிருந்து எஃப் 5.6-க்கு மாற்றினால் மூட்டம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அருகில் எடுக்கும்போது துவாரத்தைக் குறைத்துக்கொள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒளி அலை இயல்புடையது. சிறு துவாரத்தின் வழியே நுழையும்போது பரவும். எஃப் 16-இல் ஒரு புள்ளி சுமார் 0.021 மி.மீ. விட்டமுள்ள வட்டமாக விரிகிறது. பொருளின் அளவும் பிம்பத்தின் அளவும் சமமாகும்படி மிக நெருங்கினால், லென்ஸ் குவியத் தூரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி நிற்கிறது. வளையத்தில் எஃப் 16 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் அது எஃப் 32 போலவே வேலை செய்யும். வட்டம் 0.043 மி.மீ. ஆகிவிடும், ஒளியும் நாலில் ஒரு பங்காகிவிடும். 35 மில்லிமீட்டர் பிலிமில் 0.03 மி.மீ. வரையுள்ள மூட்டத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்பது பழைய வழக்கக் கணக்கு. அந்த எல்லையை நாம் தாண்டிவிட்டோம். ஆக, மிக நெருங்கினால் துவாரத்தைத் திறந்தாலும் தொல்லை, மூடினாலும் தொல்லை!

குறையே இல்லாத கருவி உண்டா?

"எல்லாத் தூரத்துக்கும் பூரணமான லென்ஸ் ஒன்றை ஏன் செய்யக் கூடாது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே ஒரு நிபந்தனை வகுத்தார். அதை நிறைவேற்றினால், ஒரு புள்ளி கூர்மையாக விழும்போது அதன் பக்கத்திலுள்ள புள்ளிகளும் கூர்மையாக விழும். இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் வேறொரு நிபந்தனை கூறினார். அதை நிறைவேற்றினால், அப்புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளும் கூர்மையாகும், அதாவது தூரம் மாறினாலும் கூர்மை மாறாது. துரதிர்ஷ்டம் என்னவென்றால், சாதாரண காமிராவில் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முடியாது. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவும்.

மின்காந்த அலைகளை உலகுக்கு அறிவித்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லும் இதை ஆராய்ந்தார். அருகும் தொலைவும் சேர்ந்த ஓரிடம் முழுவதையும் குறையின்றிப் பிம்பமாக்கும் கருவி, பொருளைப் பெரிதாக்கவும் கூடாது, சிறிதாக்கவும் கூடாது என்று அவர் காட்டினார். அப்படிப்பட்ட கருவி ஒன்று நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. காலையில் தலை வாரிக்கொள்ளும் சமதளக் கண்ணாடிதான் அது! கிட்டே நின்றாலும் எட்டே நின்றாலும் அது ஒரே கூர்மையோடு காட்டும். ஆனால் மலையைப் பிலிம் அளவுக்குச் சுருக்கித் தரும் வேலையை அது செய்யாதே. அந்த வேலை வேண்டுமானால் அதற்குரிய விலையைக் கொடுத்தாக வேண்டும்.

தூரத்துக்கேற்ற லென்ஸ்கள்

இதை அறிந்த அமைப்பாளர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தூரத்தை முதலில் தீர்மானித்துக்கொள்கிறார்கள். நம் சோதனைச் சாலையிலுள்ள நுண்ணோக்கியைப் பாருங்கள். அதன் பொருளருகு லென்ஸில் 160/0.17 என்று பொறித்திருப்பதைப் பழைய நுண்ணோக்கிகளில் காணலாம். குழாயின் நீளம் 160 மி.மீ. ஆகவும், பொருளை மூடும் மெல்லிய கண்ணாடித் தகட்டின் தடிமன் 0.17 மி.மீ. ஆகவும் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்தத் தகடு இல்லாமல் 40 மடங்கு லென்ஸில் பார்த்தால் வெங்காயத் தோலின் செல்கள் பனி படர்ந்தது போல் தெரியும். மாணவி லென்ஸைக் குறை கூறுவாள். லென்ஸோ தன் மீது எழுதியிருப்பதைப் படிக்கவில்லையே என்று நம்மைக் குறை கூறும்!

ஜப்பானில் 1956-இல் நிக்கான் நிறுவனம் 5 சென்டிமீட்டர் மைக்ரோ நிக்கார் என்னும் லென்ஸை வெளியிட்டது. புத்தகங்களையும் ஆவணங்களையும் சிறு பிலிமில் பதிவு செய்வதே அதன் முதல் வேலை. ஆங்கில எழுத்துகள் எளிய கோடுகளால் ஆனவை. ஜப்பானியர் வழங்கும் சீன எழுத்துகளிலோ ஒரே கட்டத்துக்குள் பத்து இருபது கோடுகள் நெருங்கி நிற்கும். தொலைவுக்குக் கணக்கிட்ட லென்ஸ் அக்கோடுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். ஆகவே அருகிலுள்ள சமதளப் பக்கத்துக்கென்றே கணக்கிட்ட லென்ஸ் தேவைப்பட்டது. நம் ஓலைச் சுவடிகளையும் பழைய பதிவேடுகளையும் படமெடுப்போருக்கும் இதே தேவைதான். ஓர் எழுத்தின் சுழி அழிந்தால் சொல்லே மாறிவிடும் அன்றோ?

அகலக் கோண லென்ஸ்களில் இந்தத் தொல்லை மிகுதி. அருகே போகும்போது அவற்றின் பிம்பம் கிண்ணமாக வளைந்து, நடுப்பகுதி தெளிவாயிருக்க மூலைகள் மங்கும். இதற்கு நிக்கான் 1967-இல் வெளியிட்ட 24 மி.மீ. லென்ஸில் ஒரு தீர்வு வந்தது. வளையத்தைத் திருப்பும்போது எல்லாக் கண்ணாடிகளும் ஒன்றாக நகராமல், பின் பகுதியிலுள்ளவை வேறு வேகத்தில் நகரும். கண்ணாடிகளின் இடைவெளி தூரத்துக்கேற்ப மாறுவதால் சாய்ந்த முள் மீண்டும் நடுவுக்கு வருகிறது. இவற்றை மிதக்கும் கண்ணாடிகள் என்பர். இன்று பல லென்ஸ்களில் இந்த ஏற்பாடு உண்டு. சில கைபேசிகளை மிக அருகே கொண்டு போனால், ஒரு லென்ஸிலிருந்து வேறொரு லென்ஸுக்குத் தானே மாறிக்கொள்வதையும் காணலாம்.

இன்னொரு சுவையான தந்திரம்: பொருளைவிடப் பிம்பம் பெரிதாக வேண்டும்போது, சிலர் லென்ஸைத் திருப்பி, முன்பக்கம் காமிராவை நோக்கும்படி பொருத்துகிறார்கள். விளையாட்டாகச் செய்வதன்று. சாதாரண லென்ஸ் முன்னே நெடுந்தூரம், பின்னே குறுந்தூரம் என்ற கணக்கில் செய்யப்பட்டது. எறும்பின் தலையைப் பெரிதாக்கும்போது பொருள் கிட்டேயும் பிம்பம் எட்டேயும் இருப்பதால், லென்ஸைத் திருப்பினால் கணக்கு மீண்டும் பொருந்திவிடுகிறது.

அளப்பதிலுள்ள சிக்கல்

இனி, கூர்மையை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். கறுப்பு வெள்ளைக் கோடுகளை வரவர நெருக்கமாக வரைந்த அட்டையைப் படமெடுத்து, எந்த அளவு வரை கோடுகள் தனித்தனியே தெரிகின்றன என்று எண்ணுவது பழைய முறை. அமெரிக்க விமானப் படையின் பெயரால் வழங்கும் 1951-ஆம் ஆண்டின் மூன்று கோட்டு அட்டை இவ்வகையில் பெயர் பெற்றது. ஒரு மில்லிமீட்டருக்குள் இத்தனை சோடிக் கோடுகள் என்று விடை வரும்.

அட்டையை எவ்வளவு தூரத்தில் வைப்பது? அமெரிக்காவின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் 1953-இல் வெளியிட்ட முறைப்படி, குவியத் தூரத்தைப் போல் 26 மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும். அப்போது பிம்பம் சரியாக 25-இல் ஒரு பங்காகும். கணக்குக்கு எவ்வளவு வசதி! 36 மி.மீ. அகலப் பிலிமுக்கு 90 சென்டிமீட்டர் அகல அட்டை போதும். எல்லா லென்ஸுக்கும் அதே அட்டைதான்.

ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். 200 மி.மீ. லென்ஸுக்கு அட்டை 5.2 மீட்டரில் நிற்கிறது. 50 மி.மீ. லென்ஸுக்கு 1.3 மீட்டரில் நிற்கிறது. 24 மி.மீ. அகலக் கோண லென்ஸுக்கோ 62 சென்டிமீட்டரில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது! கடற்கரையையும் மலையையும் எடுப்பதற்காக ஒருவர் வாங்கும் லென்ஸை, மேசை மேலிருக்கும் புத்தகத்தின் தூரத்தில் சோதித்து மதிப்பெண் இடுகிறோம். மூலைகள் மங்கினால் "மட்டமான லென்ஸ்" என்று தீர்ப்பு வருகிறது. மலையை எடுத்துப் பார்த்தால் அதே மூலைகள் கூர்மையாக இருக்கவும் கூடும்.

லென்ஸ் செய்யும் நிறுவனங்கள் பலவும் இதற்கு நேர்மாறாக, எல்லையற்ற தொலைவுக்குரிய வரைபடத்தை வெளியிடுகின்றன. சில நிறுவனங்கள் லென்ஸை அளந்து வரைகின்றன; சில, கணக்கிட்டே வரைகின்றன. அறைக்குள் எல்லையற்ற தொலைவு எப்படி வரும்? ஒரு பெரிய லென்ஸின் குவியத்தில் சிறு துவாரத்தையோ கோட்டையோ வைத்து ஒளியூட்டினால், மறுபக்கம் கதிர்கள் இணையாக வெளிவரும். விண்மீனிலிருந்து வந்தது போலவே சோதிக்கும் லென்ஸுக்குத் தோன்றும். இந்தச் சாதனத்துக்குக் கோலிமேட்டர் என்று பெயர். இந்த வரைபடம் மலையை எடுப்பவருக்குப் பயன்படும். பூவை எடுப்பவருக்கு அது பாதி விடைதான். ஆகவே ஒரே லென்ஸுக்கு இரண்டு இடங்களில் இரண்டு மதிப்பெண் வந்தால், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். இருவரும் வெவ்வேறு கேள்வி கேட்டிருக்கலாம்.

அருகில் அளக்கும்போது மற்றொரு பொறி உண்டு. 25-இல் ஒரு பங்கு அளவில் அட்டை 25 மி.மீ. விலகினால் பிம்பம் 0.04 மி.மீ. மட்டுமே விலகும். சம அளவுப் படத்தில் பொருள் 1 மி.மீ. விலகினால் பிம்பமும் 1 மி.மீ. விலகும். எஃப் 2.8-இல் அங்கே தெளிவாகத் தெரியும் ஆழம் அரை மில்லிமீட்டர் கூட இல்லை. அட்டை ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருந்தாலும், அந்தப் பிழை லென்ஸின் தலையில் விழும். தொலைவில் அளப்பதிலும் ஆபத்து உண்டு. நடுப்பகலில் தார் ரோட்டின் மேல் காற்று அலை அலையாய் ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த ஆட்டத்தின் மங்கலையும் லென்ஸின் கணக்கில் எழுதிவிடுவோரும் உண்டு.

விண்வெளிக்குச் சென்ற பிழை

இவையெல்லாம் புகைப்படக்காரர்களின் சில்லறைக் கவலைகள் என்று எண்ண வேண்டாம். 1990 ஏப்ரல் 24-ஆம் நாள் அமெரிக்கா ஹப்பிள் என்னும் தொலைநோக்கியை விண்ணில் ஏவியது. அதன் முக்கியக் கண்ணாடி 2.4 மீட்டர் விட்டமுடையது. உலகமே ஆவலோடு காத்திருந்தது. வந்த படங்களில் விண்மீன்கள் புள்ளியாக இல்லாமல், சுற்றிலும் மூட்டம் சூழ்ந்து நின்றன. நாம் முன்பு கண்ட அதே கோளப் பிறழ்ச்சி!

காரணம் என்ன? விண்மீன் ஒளிக்காகச் செய்யப்படும் கண்ணாடியை விண்மீன் தூரத்தில் வைத்துத் தொழிற்சாலையில் சோதிக்க இயலாது. அதன் வளைவு மையத்தின் அருகே, சுமார் 11 மீட்டர் தூரத்தில் விளக்கை வைத்தே சோதித்தனர். அத்தூரத்தில் சோதித்தால், சரியான வடிவமுள்ள கண்ணாடிகூட மங்கலான பிம்பமே தரும். ஏனெனில் அதன் வடிவம் வேறு தூரத்துக்கு உரியது. அந்த மங்கலைச் சரியாக ஈடுகட்ட, இடையில் ஒரு துணைக் கருவியை வைத்தனர். அந்தக் கருவிக்குள் ஒரு சிறு லென்ஸ், இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1.3 மி.மீ. விலகிப் பொருத்தப்பட்டிருந்தது. தவறான அந்தக் கருவி சரி என்று சொல்லும் வரை கண்ணாடியைப் பொறுமையோடு தேய்த்தனர். கண்ணாடியின் ஓரம் 2 மைக்ரான் அளவு, அதாவது தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு, அதிகமாகத் தட்டையாகிவிட்டது.

இதைவிட நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. வேறு இரண்டு சோதனைகள் "ஏதோ தவறு இருக்கிறது" என்று அப்போதே காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என்று கருதி ஒதுக்கிவிட்டனர். துல்லியமான கருவி தவறாகவும், எளிய கருவி சரியாகவும் இருக்கக் கூடும் என்பதை யாரும் நின்று எண்ணிப் பார்க்கவில்லை.

நல்ல வேளையாக, பிழையின் அளவு நுணுக்கமாகத் தெரிந்துவிட்டதால் அதற்கு நேர் எதிரான பிழையைச் சிறு கண்ணாடிகளில் வேண்டுமென்றே அமைத்தனர். 1993 டிசம்பரில் எண்டேவர் விண்கலத்தில் சென்ற வீரர்கள் ஐந்து முறை விண்வெளியில் இறங்கி அவற்றைப் பொருத்தினர். தொலைநோக்கிக்கு மூக்குக் கண்ணாடி மாட்டியதாகவே அன்று பத்திரிகைகள் எழுதின. பிறகு வந்த படங்கள் வானியல் நூல்களையே திருத்தி எழுதச் செய்தன.

நம் கண்ணுக்கும் அதே விதி

கண்ணும் ஒரு காமிராதான். ஆனால் அது லென்ஸை முன்னே நகர்த்துவதில்லை. லென்ஸின் தடிமனையே மாற்றிக்கொள்கிறது. வயது நாற்பதைத் தாண்டியதும் அந்த லென்ஸ் இறுகிவிடுகிறது. தெருமுனையில் வரும் பேருந்தின் எண்ணைத் தெளிவாகப் படிக்கும் அம்மா, ஊசியில் நூல் கோக்க நம்மை அழைக்கிறார். இதுவே வெள்ளெழுத்து. தூரத்தில் மட்டும் சோதித்தால் அவர் கண்ணுக்கு முழு மதிப்பெண். அருகில் சோதித்தால்தான் குறை தெரியும்.

சிறுமிகளிடம் பெரும்பாலும் இது நேர்மாறாக இருக்கும். புத்தகத்தைத் தடையின்றி வாசிப்பாள்; கரும்பலகையில் எழுதியதைத் தவறாக எழுதுவாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். "கவனம் இல்லாத பெண்" என்று ஆசிரியையும், "படிப்பில் அக்கறை இல்லை" என்று வீட்டாரும் சொல்வார்கள். உண்மையில் அவளுக்கு இருப்பது கிட்டப்பார்வை. "புத்தகம் நன்றாகத் தெரிகிறதே, கண்ணில் என்ன குறை?" என்று கேட்கும் பெற்றோர், ஒரே தூரத்தில் அளந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். ஹாலந்து நாட்டு மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் வகுத்த எழுத்து அட்டையை 6 மீட்டர் தூரத்தில் படிக்கச் சொல்வதும், கையில் வேறோர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதும் இதனால்தான். அறை சிறிதாக இருந்தால் எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து 3 மீட்டரை 6 மீட்டர் ஆக்கிக்கொள்வார்கள். குறையற்ற அந்தச் சமதளக் கண்ணாடி இங்கேயும் கைகொடுக்கிறது!

நாமே செய்து பார்க்கலாம்

விடுமுறையில் வீட்டிலுள்ள காமிராவைக் கொண்டு இச்சோதனையைச் செய்யலாம். செய்தித்தாள்கள் நான்கைச் சுவரில் சுருக்கமின்றி ஒட்டுங்கள். நடுவில் ஒரு சிறு முகக் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். காமிரா வழியே பார்க்கும்போது, அதன் லென்ஸின் பிம்பமே கண்ணாடியின் நடுவில் தெரிந்தால் காமிரா சுவருக்கு நேராக நிற்கிறது என்று பொருள். பிறகு கண்ணாடியை எடுத்துவிடுங்கள். காமிராவை முக்காலியில் நிறுத்தி, கை படாமல் தானே எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். துவாரத்தை முழுதும் திறந்து ஒன்று, எஃப் 8-இல் ஒன்று எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குவித்து மூன்று படங்கள் எடுத்து, சிறந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குவிப்பதிலுள்ள பிழை லென்ஸின் மேல் விழக் கூடாதல்லவா?

இதை அரை மீட்டரிலும், ஒரு மீட்டரிலும் செய்யுங்கள். காலை வேளையில் மொட்டை மாடியிலிருந்து தொலைவிலுள்ள கட்டடங்களையும் எடுங்கள். நடுவையும் நான்கு மூலைகளையும் பெரிதாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவுகளை எழுதும்போது தூரத்தையும் துவாரத்தையும் மறவாமல் குறியுங்கள். தூரம் குறிக்காத அளவு, தேதி இல்லாத கடிதம் போன்றது.

விலை உயர்ந்த லென்ஸ் கையில் இருப்பதைவிட, இருக்கும் லென்ஸ் எந்தத் தூரத்தில் சிறக்கும் என்று அறிந்திருப்பது மேல். அவ்வாறே, ஒரு சோதனையில் வந்த எண்ணைக் கொண்டு கருவியையோ மனிதரையோ முழுவதும் எடை போடுவதும் தகாது. அடுத்த முறை யாரேனும் ஒரு மதிப்பெண்ணைக் காட்டினால், "எங்கே நின்று அளந்தீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள். விஞ்ஞானம் பயிலும் பெண்ணுக்கு அழகு அக்கேள்வியே.